செவ்வந்திக்கு இருட்டு வேணும்: வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான், நர்சரியில பூவும் மொட்டுமா இருந்துச்சு, வீட்டுக்கு கொண்டு வந்து ரெண்டு மாசமாச்சு, வெறும் இலையா நிக்குது, என்ன உரம் போடணும்? எல்லாரும் உரத்தைத்தான் கேக்குறாங்க, வெயில் எத்தனை மணி நேரம் படுது, ஊத்துற தண்ணி எது, ராத்திரி அங்க என்ன லைட் எரியுதுன்னு ஒன்னு ரெண்டு பேரைத் தவிர யாரும் எழுதல. சரி, கடைசியா சொன்ன அந்த லைட்டுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

அக்கா, ஒரே நாள் ஒரே ஆள்கிட்ட நாலு மஞ்சள் செவ்வந்தி நாத்து வாங்கி ரெண்டை வாசல்லயும் ரெண்டை பின்கட்டுலயும் வச்சேன். பின்கட்டுல இருக்கிறது கார்த்திகைக்கே பூத்து தள்ளுது. வாசல்ல இருக்கிறது நல்லா செழிப்பா வளர்ந்து நிக்குது, ஆனா ஒரு மொட்டு இல்ல. கண்ணு பட்டுடுச்சுன்னு அத்தை மொளகா சுத்திப் போட்டாங்க. போட்டோ அனுப்பியிருக்கேன், பாருங்க. – வாசகி, சேலம்

கண்ணு இல்லம்மா, லைட்டு. நீங்க அனுப்புன போட்டோவுல செடியை விட காம்பவுண்டுக்கு வெளிய நிக்குற தெருவிளக்குதான் எனக்கு முதல்ல பட்டுச்சு. செவ்வந்தி பகல் நீளத்தை பார்த்து பூக்குற செடி, இன்னும் சரியா சொன்னா ராத்திரி நீளத்தை பார்த்து. நம்ம ஊர்ல ஆனி மாசப் பகலுக்கும் மார்கழிப் பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றேகால் மணி நேரம்தான், நமக்கு பெருசா தெரியாது, ஆனா செவ்வந்திக்கு தெரியும். ராத்திரி போதுமான அளவு நீண்டதும் அது இலை விடுறதை நிறுத்திட்டு மொட்டுக்கு மாறும். நடுவுல வெளிச்சம் பட்டுக்கிட்டே இருந்தா ராத்திரி வரவே இல்லைன்னு நினைச்சுக்கிட்டு இலையா விட்டுக்கிட்டு இருக்கும். நிலா வெளிச்சம் ஒன்னும் பண்ணாது, ஆனா விடிய விடிய எரியுற எல்.இ.டி. பண்ணும், வராண்டாவுல போட்டு வைக்குற பல்பும் பண்ணும்.

ஓசூர், நீலகிரி பக்கம் பசுமைக்குடில்ல செவ்வந்தி போடுறவங்க இதைத்தான் தொழிலாவே செய்றாங்க. முதல்ல ராத்திரியில பல்பை எரியவிட்டு தண்டை நீளமா வளர்த்துக்குறது, அப்புறம் சாயங்காலமே கருப்பு ஷீட்டை இழுத்து மூடி இருட்டு காட்டி பூக்க வைக்குறது, அதான் வருஷம் முழுக்க கொத்துக் கொத்தா பொக்கே கடைக்கு வருது. உங்க வாசல்ல முதல் பாதி தானா நடந்திருக்கு, ரெண்டாவது பாதிதான் நடக்கல.

தொட்டியை தூக்க முடிஞ்சா பின்கட்டுக்கு மாத்திடுங்க, வேலை முடிஞ்சுது. தூக்க முடியலைன்னா சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு பெரிய அட்டைப்பெட்டியை கவுத்து மூடி காலைல ஏழு மணிக்கு எடுங்க, ஒரு நாள் விடாம, மொட்டு கலர் காட்டுற வரைக்கும். நடுவுல ரெண்டு நாள் மறந்தா செடி குழம்பிடும். உரம் எதுவும் இப்ப வேணாம், அதுவும் யூரியா பக்கமே போகாதீங்க. பூத்து முடிஞ்சதும் தண்டை அடியோட வெட்டுங்க, அடியில பக்கக் கன்னு நிறைய வரும், அதை வேரோட பிரிச்சு வச்சா அடுத்த வருஷ நாத்து காசில்லாம வந்துடும். கிறிஸ்துமஸ் சமயத்துல சிவப்பா இலை விடுற பாயின்செட்டியாவுக்கும் இதே கதைதான், அதையும் லைட்டுக்கு அடியில வைக்காதீங்க.

அத்தைகிட்ட பக்குவமா சொல்லுங்க. மொளகா சுத்துனதுல தப்பு ஒன்னும் இல்ல.

எங்க வீட்டு இட்லிப்பூ செடி புது இலையெல்லாம் மஞ்சளா வருது, நரம்பு மட்டும் பச்சை. மாட்டுச் சாணம், மீன் அமிலம், முட்டை ஓடு எல்லாம் போட்டாச்சு. போர் தண்ணிதான் ஊத்துறோம். – தாம்பரம்

கடைசியா ரெண்டு வார்த்தை எழுதுனீங்களே, பதில் அதுலயே இருக்கு. இட்லிப்பூ கொஞ்சம் புளிப்பான மண்ணு கேக்குற செடி, போர் தண்ணியோட உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து மண்ணை வருஷக் கணக்குல காரமாக்கிடும், அப்புறம் மண்ணுல இரும்புச் சத்து இருந்தாலும் வேரால எடுக்க முடியாது. பழைய இலை பச்சையா இருந்து புது இலை மட்டும் மஞ்சளா, நரம்பு பச்சையா வந்தா முதல்ல இரும்பைத்தான் சந்தேகப்படணும். பழைய இலை முதல்ல மஞ்சளானா அது வேற கதை, தழைச்சத்து குறைவு. நீங்க போட்ட முட்டை ஓடு சுண்ணாம்புதான், கரையவே ரொம்ப நாளாகும், ஆனா கரையுற மட்டும் நிலைமையை இன்னும் மோசமாக்கும், பொறுக்கி எடுத்துடுங்க. செடி காம்பவுண்டு சுவரை ஒட்டி இருந்தா சிமெண்ட் சுண்ணாம்பும் சேரும்.

நாட்டு மருந்துக் கடையில அன்னபேதின்னு கேளுங்க, பெர்ரஸ் சல்பேட்தான் அது, பச்சை நிற உப்பு. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 கிராம், கூட அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, சாயங்கால நேரத்துல இலை மேல ஸ்ப்ரே பண்ணுங்க, பத்து பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை, மூணு தடவை போதும். டைல்ஸ் மேலயும் வெள்ளை சுவர் மேலயும் படாம பாத்துக்குங்க, துருக் கறை புடிச்சா போகவே போகாது, எங்க வீட்டு பால்கனி அதுக்கு சாட்சி. ஏசியில இருந்து சொட்டுற தண்ணி உப்பில்லாத தண்ணி, அதை புடிச்சு வச்சு இந்த செடிக்கு ஊத்தலாம். ஆர்.ஓ. மெஷின் வெளிய தள்ளுற தண்ணியை மட்டும் தொட்டிக்கு ஊத்தாதீங்க, வடிகட்டுன உப்பு முழுக்க அதுலதான் இருக்கு, நிறைய பேர் வீணாகுதேன்னு இதைத்தான் செடிக்கு விடுறாங்க. மழை வந்தா தொட்டி அடியில நல்லா ஒழுகுற மாதிரி நனைய விடுங்க, அதுக்கு நிகரா ஒரு மருந்தும் இல்ல.

மேடம், தங்கச்சிமடத்துல இருந்து வாங்கி வந்த குண்டுமல்லி கன்னு, நாலு வருஷமாச்சு, புதர் மாதிரி படர்ந்திருக்கு, ஆனா ஒரு நாளைக்கு நாலு பூ அஞ்சு பூதான். எத்தனையோ பேர் மாடியில முழம் முழமா பறிக்கிறாங்க. வெட்ட மனசு வரல, அதனால வெட்டுனதே இல்ல. – திண்டுக்கல்

மனசு வரணும் சார். மல்லி புதுசா விடுற கிளையோட நுனியிலதான் பூக்கும், பழைய கட்டைக் கிளையில ஒன்னும் வராது. நாலு வருஷமா வெட்டலைன்னா உங்க செடி பூரா பழைய கிளை, இலைக்கு சோறு போடவே அதுக்கு நேரம் பத்தல.

கார்த்திகை பாதியில, அதாவது நவம்பர் கடைசி வாரத்துல, தரையில இருந்து 50 சென்டிமீட்டர் விட்டுட்டு, நம்ம முழம் கணக்குக்கு ஒரு முழத்துக்கு கொஞ்சம் கூட, மேல இருக்கிறதை எல்லாம் வெட்டுங்க. வயல்காரங்க அளவும் இதுதான். காஞ்ச குச்சி, ஒன்னோட ஒன்னு உரசுற கிளை, நடுவுல நெருக்கமா இருக்கிறது எல்லாத்தையும் எடுத்துட்டு நடுவுல வெளிச்சம் போற மாதிரி விடணும். மிச்சம் இருக்கிற இலையையும் உருவிடுங்க. வெட்டுறதுக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடியே தண்ணியை குறைச்சு செடியை தூங்க விடணும், வெட்டுன அப்புறம் தூரை சுத்தி மண்ணைக் கிளறி தொழு உரம் ரெண்டு கை போட்டு தண்ணி விட்டீங்கன்னா தை மாசம் தளிர் வரும், மாசி பங்குனியில மொட்டு வைக்கும், ஆனி வரைக்கும் ஓடும். நான் முதல் தடவை வெட்டுனப்ப எங்க மாமியார் ரெண்டு நாள் என்கூட பேசல, மொட்டைக் குச்சியா நின்ன செடியைப் பாத்துட்டு. பங்குனியில அவங்களே பூ கட்டி பக்கத்து வீட்டுக்கு எல்லாம் குடுத்தாங்க, அப்பவும் வெட்டுனதாலதான்னு ஒத்துக்கல.

இன்னொன்னு வெயில். மல்லிக்கு ஆறு மணி நேரம் நேர் வெயில் வேணும், அரை நிழல்ல இலைதான் வரும். மதுரை மல்லிக்கு 2013ல புவிசார் குறியீடு கிடைச்சுது, அந்த ஊர் மண்ணும் அந்த காயுற வெயிலும் சேர்ந்து குடுக்குற வாசனை அது, நிழல்ல வச்சு அதை எதிர்பார்க்க முடியாது. மொட்டு ஊதா நிறத்துல மாறி ஓட்டை விழுந்து நூல் மாதிரி பின்னி இருந்தா மொட்டுப்புழு, அந்த மொட்டைப் பறிச்சு நசுக்கிடுங்க, செடியிலயே விட்டா அடுத்த கொத்துக்கு போகும்.

முல்லையும் ஜாதிமல்லியும் வச்சிருக்கிறவங்க இதே தேதியில கத்திரியை எடுக்காதீங்க, அதுங்க ரெண்டுக்கும் மார்கழி பாதி தாண்டட்டும்.

வீட்டு முன்னாடி மாமரத்துக்கு அடியில 200 சதுர அடிக்கு கொரியன் புல் போட்டோம், மூணு தடவை. மூணு தடவையும் மரத்தடியில மட்டும் செத்துடுது, நடுவுல கோரை முளைக்குது. பேசாம சிமெண்ட் போட்டுடலாமான்னு வீட்டுக்காரர் கேக்குறார். – கோவை

சிமெண்ட் வேணாம்மா, மாமரம் பாவம். ஆனா நாலாவது தடவை கொரியன் புல்லும் வேணாம். அது வெயில் புல், அருகம்புல்லும் அப்படித்தான், முழு வெயில்ல மெத்தை மாதிரி வரும், அடர்ந்த மாமர நிழல்ல பட்டினி கிடந்து செத்துடும். போதாததுக்கு மாவிலை கொட்டி மூடிடும். நிழலும் வெயிலும் மாறி மாறி விழுற ஓரத்துக்கு எருமைப் புல் போடுங்க, பஃபலோ கிராஸ்னு கேட்டா குடுப்பாங்க, அகலமான இலை, பாக்க கொஞ்சம் முரட்டுத்தனமா இருக்கும், ஆனா அரை நிழலை தாங்கும். வெயிலே படாத அடிமரத்துப் பக்கம் புல் ஆசையை விட்டுடுங்க, அங்க மாண்டோ கிராஸ் வைக்கலாம், பேருதான் புல்லு, உண்மையில புல் இல்ல, அதனாலதான் நிழல்ல பொழைக்குது. கூட பெரணி, சின்கோனியம், ஸ்பைடர் பிளான்ட் வச்சு நடுவுல நாலு கல்லு போட்டா அழகா இருக்கும். மிதிச்சு நடக்குற இடம்னா மாண்டோவும் தாங்காது, சொல்லிட்டேன்.

கோரை எங்க இருந்து வந்துச்சுன்னா லோடு செம்மண்ணுல இருந்தும் மக்காத எருவுல இருந்தும்தான். மேல புடிச்சு இழுத்தா புல்லு கையோட வரும், கிழங்கு உள்ள இருக்கும், ஒன்னு நாலா வரும். அடுத்த தடவை புல் பதிக்குறதுக்கு முன்னாடி தண்ணி விட்டு விட்டு மூணு வாரம் சும்மா போடுங்க, உள்ள இருக்கிறது எல்லாம் முளைச்சு வெளிய வரட்டும், கொத்தி கிழங்கோட எடுத்துட்டு அப்புறம் பதியுங்க. அவசரப்பட்டதுக்குத்தான் மூணு தடவை காசு போச்சு.

வெட்டிவேரை மாடியில வளர்க்கலாமா? – கடலூர்

கடலூர்ல இருந்துகிட்டு கேக்குறீங்களே, உங்க கடலோர மணல்லதான் அது பயிரே ஆகுது! வளர்க்கலாம். 200 லிட்டர் டிரம்மோ உயரமான தார்பாலின் பையோ வேணும், வேர் கீழதான் போகும், அகலம் தேவையில்ல. மணல் நிறைய கலந்துக்குங்க, இல்லைன்னா வேரை மண்ணோட பிரிக்குறதுக்குள்ள பாதி அறுந்துடும். ஒரு வருஷத்துக்கு மேல விட்டு அப்புறம் பையைக் கிழிச்சு எடுங்க. சும்மா அழகுக்கு மட்டும்னாலும் நல்ல புல்லு, தூரா நின்ன இடத்துலயே நிக்கும், ஓடிப் பரவாது.

ஊட்டி மலர்க் கண்காட்சி போயிட்டு வரும்போது ஹைட்ராஞ்சியா, ஃபுஷியா, லாவெண்டர், ரோஸ்மேரின்னு ஆயிரம் ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன். மூணு வாரத்துல ரோஸ்மேரி தவிர எல்லாம் போச்சு. ஏமாத்திட்டாங்களா? – விருதுநகர்

யாரும் ஏமாத்தல தம்பி. ஊட்டி 2240 மீட்டர் உயரத்துல இருக்கு, மே மாசத்துலயும் அங்க ராத்திரி ஸ்வெட்டர் வேணும், நீங்க அதே மே மாசத்துல விருதுநகருக்கு கொண்டு வந்தீங்க. ஃபுஷியாவுக்கு குளுந்த ராத்திரி இல்லாம முடியாது, ஹைட்ராஞ்சியா நம்ம மே மாச மத்தியான வெயில்லயே சுருண்டுடும். அங்க இருக்கிற தாவரவியல் பூங்காவே 1848ல வெள்ளைக்காரன் தன் ஊர் குளுருக்கு பழகுன செடியை எல்லாம் வளர்க்க தோதான இடம்னு பாத்துப் போட்டது. நானும் இதே தப்பை ரெண்டு தடவை பண்ணியிருக்கேன், அதுக்கப்புறம் ஊட்டி போனா வர்க்கி மட்டும் வாங்கிட்டு வர்றேன்.

ரோஸ்மேரி பொழைச்சது அதிர்ஷ்டம் இல்ல, அது காஞ்ச மண்ணு செடி. அதைக் கொல்றது வெயில் இல்ல, தண்ணி. பாதி மணல் கலந்து வச்சு, மேல் மண்ணு ரெண்டு இஞ்ச் காஞ்ச அப்புறம் ஊத்துங்க, மழைக்காலத்துல கூரை அடிக்கு மாத்துங்க. கலர் வேணும்னா உங்க ஊருக்குன்னே பொறந்த செடி இருக்கு, டேபிள் ரோஸ், நித்தியகல்யாணி, காகிதப்பூ, அடீனியம். வெயில் ஏற ஏற டேபிள் ரோஸ் விரியுறதைப் பாத்தீங்கன்னா ஃபுஷியா ஞாபகமே வராது.

அபார்ட்மெண்ட், கிழக்கு பாத்த பால்கனி, காலைல மூணு மணி நேரம்தான் வெயில். மூலிகை மாதிரி சமையலுக்கும் ஆகணும் பாக்கவும் அழகா இருக்கணும். – சென்னை

வெயில் கணக்கோட எழுதுன ஒரே ஆள் நீங்கதான், நல்லா இருங்க. மூணு மணி நேர காலை வெயிலுக்கு புதினா, கற்பூரவல்லி, வல்லாரை, வெற்றிலைக் கொடி நாலும் நிச்சயமா வரும். புதினாவுக்கு நாத்து வாங்காதீங்க, காய்கறிக் கடைக் கட்டுல இலையைக் கிள்ளிட்டு முத்துன தண்டை ஈர மண்ணுல படுக்கப் போடுங்க. ஆனா தனித் தொட்டி, மத்த செடியோட வச்சா வீட்டை எழுதி வாங்கிடும். கற்பூரவல்லியில ஓரம் வெள்ளை போட்ட ரகம் இருக்கு, அழகுக்கு அதை முன்னாடி தொங்க விடலாம்.

துளசிக்கும் திருநீற்றுப்பச்சிலைக்கும் இந்த வெயில் கொஞ்சம் குறைவுதான், கிரில் ஓரத்துல வச்சு கதிர் விட விட கிள்ளிக்கிட்டே இருந்தா சமாளிக்கும். ஒரு விஷயம், பீட்சாவுக்குன்னு சின்ன கவர்ல காசு குடுத்து வாங்குறோமே இத்தாலி பேசில், அதுவும் நம்ம திருநீற்றுப்பச்சிலையும் ஒரே இனம்தான், வாசனையில ரகம் வேற. ஃபலூடாவுல போடுற சப்ஜா விதை அதோட விதை, மளிகைக் கடையில வாங்கி தூவிப் பாருங்க, முளைக்கும். கொத்தமல்லி கோடையில போடாதீங்க, சென்னை வெயில்ல ஒரு சாண் வளரும் முன்னாடி பூத்துடும். ஐப்பசியில போடுங்க, தனியாவை செருப்பால லேசா தேச்சு ரெண்டா உடைச்சு. மரிக்கொழுந்தும் அப்பத்தான், குளுருக்குத்தான் அதுக்கு வாசனை ஏறும்.

செம்பருத்தி பூரா வெள்ளையா மாவு. பூச்சி மருந்து அடிச்சு அடிச்சு கை வலிக்குது, மறுபடி வருது. – ஈரோடு

முதல்ல எறும்பைப் பாருங்க. மாவுப்பூச்சி கழிவு இனிப்பு, அதுக்காக எறும்பு அதை மாடு மேய்க்கிற மாதிரி மேய்க்கும், எதிரிப் பூச்சி கிட்ட வந்தா விரட்டும், ஒரு கிளையில இருந்து இன்னொரு கிளைக்கு தூக்கிட்டு போயும் விடும். தொட்டியை தண்ணித் தட்டுக்கு நடுவுல ஒரு கல்லு மேல வைங்க, தரைச் செடின்னா அடித்தண்டுல துணி சுத்தி கிரீஸ் தடவுங்க. அப்புறம் ஹோஸ் தண்ணியை வேகமா பீச்சி அடிச்சு கழுவிட்டு, அடர்த்தியா இருக்கிற நுனியை வெட்டி சோப்புத் தண்ணியில முக்குங்க, மிச்சத்துக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், அஞ்சாறு சொட்டு சோப்பு லிக்விட், வாரம் ஒரு தடவை.

கடுமையான மருந்தை நிறுத்துங்கன்னு சொல்றதுக்கு காரணம் இருக்கு. 2008ல கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி வந்துச்சு, மெக்சிகோ பக்கத்துப் பூச்சி, இங்க அதுக்கு எதிரியே இல்ல, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, வீட்டு செம்பருத்தி ஒன்னையும் விடல. எந்த மருந்துக்கும் அடங்கல. 2010ல போர்ட்டோ ரிக்கோவுல இருந்து கொசுவை விட சின்ன ஒட்டுண்ணிக் குளவிங்களைக் கொண்டு வந்து வளர்த்து விட்டாங்க, கொஞ்ச மாசத்துல அடங்குச்சு. அந்தக் குளவிங்க இன்னும் நம்ம ஊர்ல சுத்திக்கிட்டுத்தான் இருக்கு, நீங்க மருந்து அடிச்சா பூச்சிக்கு முன்னாடி சாகுறது அதுதான்.

கனகாம்பரம் திடீர் திடீர்னு வாடிப் போகுது, அதே இடத்துல திரும்ப வச்சாலும் அப்படியே. – மன்னார்குடி

டெல்லி கனகாம்பரமா இருக்கும், நல்ல கலர், ஆனா விதை கட்டாது, குச்சி வச்சுத்தான் வரும், வேர் நோஞ்சான். மண்ணுல நூற்புழு இருக்கு, அது வேரைக் கடிக்க, அந்தப் புண்ணு வழியா பூஞ்சாணம் போகும். அந்த இடத்துல ஒரு மூணு மாசம் செண்டுமல்லி போடுங்க, நெருக்கமா, அதோட வேர் நூற்புழுவுக்கு ஆகாது. அப்புறம் நாட்டுக் கனகாம்பரம் வைங்க. தொட்டின்னா இவ்வளவு பாடு வேணாம், மண்ணை மாத்துங்க.

வண்டியில வந்தவர்கிட்ட வாங்கின சிவப்பு ரோஸ், முதல்ல பெரிய பூ, இப்ப வேற மாதிரி சின்ன இலையா நீளமா கிளை போகுது, பூவே இல்ல. – தஞ்சாவூர்

காட்டு ரோஸ் அடித்தண்டு மேல நல்ல ரோஸை ஒட்டுக் கட்டித்தான் விக்குறாங்க, உங்க செடியில ஒட்டுக்கு கீழ இருந்து அந்த காட்டு ரோஸ் கிளம்பிடுச்சு. அடியில முடிச்சு மாதிரி ஒரு இடம் இருக்கும் பாருங்க, அதுதான் ஒட்டு, அதுக்கு கீழ எது வந்தாலும் பிறந்த இடத்துலயே பிச்சு எடுக்கணும், மேலாக்க வெட்டுனா திரும்ப வரும். மேல நல்ல ரோஸ் உயிரோட இருக்கான்னு நகத்தால கீறிப் பாருங்க, பச்சையா இருந்தா தப்பிச்சீங்க. பழுப்பா இருந்தா அந்த செடியில இனிமே உங்க ரோஸ் இல்ல. அடுத்து வாங்கும்போது முடிச்சு மண்ணுக்கு மேல தெரியுற மாதிரி நடுங்க, என் முதல் ரோஸை நானே முடிச்சு மூடுற அளவுக்கு மண்ணு அணைச்சு கெடுத்தேன். சிரமமே வேணாம்னா பன்னீர் ரோஸ் குச்சி யார்கிட்டயாவது கேட்டு வாங்கி வைங்க, ஒட்டு இல்லாம சொந்த வேர்ல வரும், இந்தத் தொல்லையே இருக்காது.

வீட்டுல ரெண்டு வயசுக் குழந்தை இருக்கு, காம்பவுண்டு ஓரம் அரளி வைக்கலாமா? – நாமக்கல்

வேணாம். இலை, பூ, தண்டு, வேர் எல்லாமே விஷம், மஞ்சள் அரளி விதை அதை விட மோசம். வெட்டுன குச்சியைக் கூட கண்ட இடத்துல போடாதீங்க, ஆடு மாடு தின்னுடும். அதே வெயில்ல அதே உயரத்துக்கு செம்பருத்தியோ இட்லிப்பூவோ வைங்க, பூஜைக்கும் ஆச்சு. குழந்தை வளரட்டும், அரளி எங்கயும் போயிடாது.